பரணில் கிடக்கும் ராக் பேண்டுகள்: உங்களிடம் என்ன இருக்கிறது?

வேளிமலை:

ராக் பற்றி யார் பேச்செடுத்தாலும் பிங்க் ஃபிளாய்ட், லெட் செப்பெலின், டீப் பர்ப்பிள் என்று அதே நாலைந்து பெயரில் போய் முட்டி நிற்கிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதே காலத்தில் அவர்களுக்குச் சளைக்காமல் வாசித்துவிட்டு அட்ரஸே இல்லாமல் போனவர்கள் நிறையப் பேர். இந்த இழை அவர்களுக்கு.

நான் மெம்பிஸ் நகரத்து பிக் ஸ்டாரில் தொடங்குகிறேன். 1972-ல் முதல் ஆல்பம் வந்தபோது பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின. வாங்கலாம் என்று கடைக்குப் போனால் இசைத்தட்டு இல்லை. விநியோகத்தில் நடந்த குளறுபடியில் சரக்கு கடைக்கே போய்ச் சேரவில்லை. 1974-ல் இரண்டாவது ஆல்பத்துக்கும் அதே கதி. மூன்றாவது ஆல்பம் 1978 வரை கிடப்பில் கிடந்தது. அதற்குள் பேண்டே கலைந்துவிட்டது. எண்பதுகளில் வந்த இளைய பேண்டுகள் ‘நாங்கள் இவர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள்’ என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது.

என் கட்சி இதுதான்: பல பேண்டுகள் மறக்கப்பட்டது பாட்டு மோசம் என்பதால் அல்ல, கேட்பவன் கைக்கு வரவில்லை என்பதால். கேசட், தட்டு, ஸ்பூல் எதுவானாலும் சரி, உங்கள் வீட்டில் இருப்பதைச் சொல்லுங்கள்.

மெட்டல்_மார்த்தாண்டம்:

அண்ணாச்சி, என் பங்குக்கு டெத். ஃபுளோரிடா டெத் மெட்டல்காரர்கள் இல்லை. அவர்களுக்கு முன்பே டெட்ராய்ட்டில் ஹாக்னி சகோதரர்கள் மூன்று பேர் இதே பெயரில் வைத்திருந்த பேண்ட். கறுப்பினப் பையன்கள். 1975-ல் வாசித்ததை இன்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பங்க் ராக் என்று சொல்வீர்கள், அப்போது பங்க் என்று ஒன்று வெளியே கிளம்பவே இல்லை. தட்டு கம்பெனிப் பெரிய தலை கிளைவ் டேவிஸ், பேண்டின் பெயரை மாற்றினால் பார்க்கலாம் என்றாராம். பேண்டின் தலைவர் டேவிட் முடியாது என்றுவிட்டார். 1976-ல் சொந்தச் செலவில் 500 தட்டு போட்டார்கள், அத்தோடு சரி.

டேவிட் 2000-ல் இறந்துபோனார். அப்புறம் அவர் தம்பி பாபியின் மகன்கள் இணையத்தில் யாரோ ஏற்றிய பாட்டைக் கேட்டு, ‘இது அப்பா குரல் ஆச்சே’ என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்பா வீட்டில் அதைப் பற்றி மூச்சே விட்டதில்லை. பழைய டேப்புகள் 2009-ல் ஆல்பமாக வந்தன. 34 வருஷம் தாமதம்!

பழையாறு:

கொஞ்சம் எதிர்க்கட்சியாக இருக்கிறேன், கோபப்பட வேண்டாம்.

மறந்துபோனது என்பதற்காகவே ஒரு பேண்ட் மாணிக்கம் ஆகிவிடாது. நம் நாட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சிம்லா என்ற சிகரெட்டின் பெயரில் சிம்லா பீட் என்று ஒரு போட்டி நடந்தது. பல ஊர்களிலிருந்து பேண்டுகள் வந்து வாசித்தன. 1970, 1971 என்று இரண்டு தொகுப்புத் தட்டுகளும் வந்தன. அசல் தட்டுக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். நான் இரண்டையும் முழுக்கக் கேட்டவன். இரண்டு மூன்று பாட்டு உண்மையிலேயே பிரமாதம், மீதி எல்லாம் மேல்நாட்டு பேண்டுகளின் நகல். அரிதாகக் கிடைக்கிறது என்பதால் விலை, நன்றாக இருக்கிறது என்பதால் இல்லை.

மறதியும் ஒரு வகையில் சல்லடைதான் அண்ணாச்சி. நிற்கவேண்டியது நிற்கிறது.

வேளிமலை:

சல்லடை ஒழுங்காக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. டெத் நின்றதா? கீழே விழுந்து 34 வருஷம் கிடந்ததை ஒரு பையன் தற்செயலாகப் பொறுக்கினான். அவன் அந்தப் பாட்டைக் கேட்காமல் இருந்திருந்தால் ‘அது நிற்காத பேண்ட்’ என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

ஆரல்வாய்_காற்று:

ஜாம்பியாவை யாரும் சொல்லக் காணோமே. என் அப்பா அங்கே வாத்தியார் வேலைக்குப் போனவர். எழுபதுகளில் நம் பக்கத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன வாத்தியார்கள் கொஞ்ச நஞ்சமில்லை. அவர் கொண்டுவந்த தட்டுகளில் ஒன்று விட்ச் பேண்டுடையது. கரகரக்கும் ஃபஸ் கிட்டார் கிர்ரென்று ஏறும், அடியில் ஆப்பிரிக்கத் தாளம் ஓடும். பாடியவர் ஜகாரி என்று அழைக்கப்பட்ட இம்மானுவேல் சாண்டா.

அங்கே ராக் எப்படி முளைத்தது என்றால், அதிபர் கென்னத் கவுண்டா வானொலியில் 95 சதவீதம் உள்நாட்டு இசைதான் போடவேண்டும் என்று உத்தரவு போட்டார். செம்புச் சுரங்கத்தில் பணம் புரண்ட காலம், பையன்களிடம் கிட்டார் வாங்கக் காசு இருந்தது. எழுபதுகளின் நடுவில் செம்பு விலை விழுந்தது, நாட்டின் கஜானா காலியானது, கச்சேரிகளும் போயின. அதன் பிறகு எய்ட்ஸ் வந்து அந்தத் தலைமுறை இசைக்காரர்களில் பலரை வாரிக்கொண்டு போனது. ஜகாரி ரத்தினக்கல் தோண்டப் போய்விட்டார். வெளிநாட்டு கம்பெனி ஒன்று பழைய ஆல்பங்களை மறுபடி போட்ட பிறகு, அறுபதைத் தாண்டிய வயதில் ஐரோப்பாவில் மேடை ஏறினார். 2023-ல் புது ஆல்பம்கூட வந்தது.

சல்லடை, சல்லடை என்கிறீர்களே பழையாறு. செம்பு விலைக்கும் பாட்டின் தரத்துக்கும் என்ன சம்பந்தம்?

பழையாறு:

இதற்குப் பதில் இல்லை. விட்ச் கேட்டேன். சரி, ஒத்துக்கொள்கிறேன், சிம்லா பீட் விஷயத்தில் மட்டும் மாட்டேன்.

கோட்டாறு_அக்கா:

தி ஸோம்பீஸ் கதை தெரியுமா? இங்கிலாந்துக்காரர்கள். ‘ஒடெஸி அண்ட் ஆரக்கிள்’ ஆல்பத்தை முடித்த கையோடு 1967 கடைசியில் கலைந்துவிட்டார்கள். 1969-ல் அதில் ஒரு பாட்டு அமெரிக்காவில் பெரிய ஹிட். பேண்ட்தான் இல்லையே! உடனே அங்கே ஒரு ஏஜென்சி நாலு பையன்களைப் பிடித்து ‘இவர்கள்தான் ஸோம்பீஸ்’ என்று ஊர் ஊராகக் கூட்டிப்போனது. அந்தப் போலிகளில் இரண்டு பேர் பின்னாளில் ஸீஸீ டாப் ஆனார்கள், அந்தத் தாடிக்காரப் பேண்ட். நம்ம ஊர்த் திருவிழாவில் ‘சென்னை புகழ்’ என்று போஸ்டர் ஒட்டி வள்ளியூர் ட்ரூப்பை இறக்குவார்களே, அங்கேயும் அதே பிசினஸ்தான்.

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. எல்லாரும் மெம்பிஸ், டெட்ராய்ட், ஜாம்பியா என்று போகிறீர்கள். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் என்ன குறை? சர்ச் கொயரில் ஸ்டாஃப் நோட்டேஷன் படித்தவர்கள் இருந்தார்கள். சால்வேஷன் ஆர்மிக்காரர்களின் பிராஸ் பேண்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். கரோல் ரவுண்ட்ஸில் கிட்டார் தூக்காத வீதி எது? கல்ஃபிலிருந்து வருகிறவர் பெட்டியில் கேசியோ கீபோர்டு இருந்த காலம். எண்பதுகளில் நானே ஒரு குழுவில் கீபோர்டு வாசித்தேன். ராக் வாசிக்கத் தெரிந்தவர்கள் தாராளமாக இருந்தார்கள். மேடையில் ஏறினால் இரண்டாவது பாட்டிலேயே கீழேயிருந்து ‘சினிமாப் பாட்டு போடுங்கடே’ என்று சத்தம் வரும். கமிட்டி செயலாளர் ஓரத்தில் நின்று கையைக் காட்டுவார். அவ்வளவுதான், ராக் முடிந்தது.

அதையும் மீறிக் கைத்திறமை உள்ளவர்கள் மெட்ராஸுக்குப் போனார்கள், ரெக்கார்டிங் தியேட்டர்கள் இழுத்துக்கொண்டன. ராஜா பாட்டுகளில் சதானந்தம் வாசித்த கிட்டாரையும் சசிதரன் வாசித்த பேஸையும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் வேறு ஊரில் பிறந்திருந்தால் ராக் பேண்ட் வைத்திருப்பார்கள். ரகுமான்கூட முதலில் ரூட்ஸ், நெமிசிஸ் அவென்யூ என்று பேண்டுகளில் கீபோர்டு வாசித்தவர்தான். தமிழ்நாட்டில் ராக் வளராததற்குக் காரணம் ரசனை இல்லை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சினிமா மாதச் சம்பளம் மாதிரி காசு கொடுத்தது, பேண்ட் டீச் செலவுக்கும் தேறவில்லை.

மெட்டல்_மார்த்தாண்டம்:

அக்கா, நூற்றுக்கு நூறு. ஆனால் வடக்கே கொஞ்ச தூரம் போனால் கதை வேறு. கொச்சியில் 13ஏடி இருந்ததே. ஓட்டலில் தினமும் வாசித்துத் தேறி, 1990-ல் ‘கிரவுண்ட் ஜீரோ’ ஆல்பம் போட்டார்கள். சொந்தப் பாட்டு, இங்கிலீஷில். பம்பாயில் ராக் மெஷின் 1988-ல் சொந்த ஆல்பம் போட்டது, பிறகு 1993-ல் இண்டஸ் க்ரீட் என்று பெயர் மாறியது. அவர்களையாவது டிவியில் பார்த்தார்கள். 13ஏடியை மாமா தலைமுறையைத் தாண்டி யாருக்கும் தெரியாது. பிறகு கொச்சியில் மதர்ஜேன் வந்தது. 2008-ல் வந்த ‘மக்தூப்’ ஆல்பத்தில் பைஜு தர்மஜன் கிட்டாரில் கமகம் இழுப்பார் பாருங்கள், எனக்கு மெட்டலும் கர்நாடகமும் ஒரே நாளில் புரிந்தது அதில்தான்.

தேங்காப்பட்டணம்77:

பினாங்கு ஆலிகேட்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டேவிட், லோகநாதன் என்று ஆறுமுகம் குடும்பத்து அண்ணன் தம்பிகள். மலாய் மொழியில் பாடி மலேசியா முழுக்கக் கொடி நாட்டினார்கள். லோகா 2007-ல் காலமானார். மலேசியாவில் மறக்கவில்லை, தமிழ்நாட்டில்தான் யாருக்கும் தெரியவே தெரியாது.

இனயம்_டேப்:

எல்லாரும் பெரிய ஆட்களைச் சொல்கிறீர்கள். என்னிடம் பெயரே தெரியாத ஒன்று இருக்கிறது, உதவி வேண்டும்.

பெரியப்பா எண்பதுகளில் சவுதியில் இருந்தவர். அவர் விட்டுப்போன பெட்டியில் ஒரு டிடிகே 90 நிமிடக் கேசட். லேபிள் கடல் காற்றில் அரித்து மை கரைந்துபோயிற்று. ஏ பக்கம் இங்கிலீஷ் ராக், இரண்டு கிட்டார் பேசிக்கொள்வதுபோல மாறி மாறி வருகிறது, குரல் மென்மை. போனில் பாட்டைக் கண்டுபிடிக்கும் ஆப்பைப் பிடித்தால் ஒன்றும் வரவில்லை. பி பக்கம் ஒரே கசமுசா, இடையிடையே கூட்டத்தின் சத்தம். டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை வேறு. ஆண்டவர் புண்ணியத்தில் இன்னும் அறுந்துபோகவில்லை.

சாமியார்மடம்_சோல்டர்:

மக்கா, முதலில் அதை இனிமேல் ஓட்டாதே. பூஞ்சை பிடித்த டேப்பை ஓட்டினால் ஹெட்டுக்கும் பரவும், அடுத்த கேசட்டுக்கும் போகும். மூக்கை மூடிக்கொண்டு வெயில் படாத இடத்தில் ஓரத்தைத் துடை. ஐந்து ஸ்க்ரூ போட்ட கூடு என்றால் கழற்றி, டேப்பை நல்ல கூட்டுக்கு மாற்று. உள்ளே பஞ்சுத் துண்டு ஒட்டிய சின்ன ஸ்பிரிங் இருக்கும், அது விழுந்திருந்தால் சத்தம் மங்கும். வேறு கேசட்டிலிருந்து எடுத்துப் போடலாம். டெக்கில் பெல்ட்டையும் பார். நம்ம கடலோர வீடுகளில் பாதி டெக்குகளில் பெல்ட் உருகிப் பிசினாக ஒட்டிக் கிடக்கும்.

ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, ஹெட்டின் ஓரத்தில் உள்ள சின்ன ஸ்க்ரூவை மெல்லத் திருப்பு. ‘ஸ்’ சத்தமும் சிம்பலும் எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்து. அது அசிமுத், டேப்பும் ஹெட்டும் சேரும் கோணம். ஒவ்வொரு கேசட்டுக்கும் மாறும். இதைச் செய்யாமல் பதிவு செய்துவிட்டு ‘பழைய கேசட் அப்படித்தான் மங்கலாக இருக்கும்’ என்பவர்களை நான் மன்னிப்பதே இல்லை.

ஆப் கண்டுபிடிக்காததற்குக் காரணம் அநேகமாக வேகம். டெக் கொஞ்சம் வேகமாக ஓடினாலே அந்த ஆப்கள் கையை விரித்துவிடும். லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் போட்டு, கீழே 40 முதல் 70 ஹெர்ட்ஸுக்குள் விடாமல் ஓடும் கோடு எங்கே இருக்கிறது என்று சொல்.

இனயம்_டேப்:

அண்ணாச்சி, எல்லாம் செய்தாயிற்று. பஞ்சு விழுந்துதான் கிடந்தது. ஏ பக்கத்தில் இரண்டு கோடு தெரிகிறது: ஒன்று சரியாக 50, இன்னொன்று 62.4. பி பக்கத்தில் 50-ல் ஒன்று, 51-ஐ ஒட்டி இன்னொன்று, அது சற்று ஆடுகிறது.

சாமியார்மடம்_சோல்டர்:

ஆகா, வசமாக மாட்டிக்கொண்டது!

இரண்டு பக்கத்திலும் வரும் 50 உன் வீட்டுக் கரண்ட், டெக்கிலிருந்து வரும் ஹம். கேசட்டை எடுத்துவிட்டுப் பதிவு செய்தாலும் அது இருக்கும். 62.4 டேப்பிலேயே இருப்பது, பதிவான இடத்துக் கரண்டின் ஹம். துபாய், குவைத், மஸ்கட் எல்லாம் நம்மைப் போல 50 ஹெர்ட்ஸ். சவுதி மட்டும் 60. பெரியப்பா இருந்தது சவுதி என்று நீயே சொன்னாய். 62.4-ஐ 60-ஆல் வகுத்தால் 1.04. உன் டெக் 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது. ஆடாசிட்டியில் வேகத்தை 3.85 சதவீதம் குறைத்துவிட்டு ஆப்பைப் பிடி. டெக்கின் மோட்டாரில் கைவைக்காதே, அதைச் சோதனைக் கேசட் இல்லாமல் திருப்பினால் இன்னும் கெடும்.

பி பக்கம் இன்னும் ருசியான விஷயம். அதே 4 சதவீதத்தைக் கழித்தால் 49 சொச்சம். அது நம்ம ஊர்க் கரண்ட்! எண்பதுகளில் தென்மாநிலங்களில் மின்சாரம் பற்றாது, 50-க்குக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், நிலையாகவும் நிற்காது. கோடு ஆடுகிறது என்றாயே, அதனால்தான். ஏ பக்கம் சவுதியில் பதிவானது, பி பக்கம் இங்கே ஊரில் பதிவானது. வேகம் சரிசெய்ய ஏ பக்கத்து அளவையே இரண்டுக்கும் வைத்துக்கொள்.

இனயம்_டேப்:

வந்துவிட்டது! வேகத்தைக் குறைத்ததும் ஆப் உடனே சொல்லிவிட்டது. விஷ்போன் ஆஷ், ‘ஆர்கஸ்’, 1972. முழு ஆல்பமும் ஒரு பக்கத்தில் அடங்கியிருக்கிறது.

வேளிமலை:

ஆண்டி பவலும் டெட் டர்னரும்! இரட்டை கிட்டார் என்று நீ சொன்னதுமே மனசு அங்கேதான் போயிற்று. அயன் மெய்டன் பையன்கள் கொண்டாடும் இரட்டை கிட்டாருக்கு இவர்களும் ஒரு மூத்த தலைமுறை.

பழையாறு:

விஷ்போன் ஆஷ் இன்றும் கச்சேரி செய்துகொண்டுதான் இருக்கிறது, அவர்களை மறந்துபோனவர்கள் பட்டியலில் சேர்க்காதீர்கள். பி பக்கம் என்ன ஆயிற்று? எனக்கு அதுதான் வேண்டும்.

இனயம்_டேப்:

பி பக்கத்தைச் சரிசெய்து கேட்டேன். வீட்டில் அம்மாவையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். ஏதோ திருவிழா மேடை. மைக்கில் ஒருவர் ‘வெள்ளை நிற மாருதி வண்டி வைத்திருப்பவர் உடனே எடுக்கவும்’ என்கிறார். அப்புறம் நாலு எண்ணி டிரம்ஸ் விழுகிறது. ஏ பக்கத்தில் வரும் கிட்டார் சங்கதிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன்மேல் தமிழில் பாடுகிறார்கள். கடலுக்குப் போன வள்ளம் திரும்பாததைப் பற்றிய பாட்டு. டிஸ்டார்ஷன் பெடல் இல்லை என்று நினைக்கிறேன். ஆம்ப்பை அளவுக்கு மீறி ஏற்றிக் கிழிய விட்டிருக்கிறார்கள். மொத்தம் மூன்று பாட்டு. மூன்றாவது முடியும் முன்னாலேயே கூட்டத்திலிருந்து சத்தம், பிறகு சினிமாப் பாட்டு. அக்கா சொன்னது அப்படியே.

கோட்டாறு_அக்கா:

எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. அந்த மூன்று பாட்டிலிருந்து ஒரு நிமிடம் இங்கே போடு தம்பி, குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேன்.

சாமியார்மடம்_சோல்டர்:

பொறு மக்கா, ஏற்றாதே. விஷ்போன் ஆஷ் எங்கும் கிடைக்கிறது, அதை ஏற்றத் தேவையும் இல்லை. பி பக்கம் அப்படி இல்லை. நம் நாட்டுச் சட்டத்தில் நிகழ்த்தியவர்களுக்கு 50 வருஷம் உரிமை உண்டு. சட்டத்தை விடு, வாசித்தவர்கள் இன்னும் இந்த மாவட்டத்தில் மீன் வியாபாரமோ வாத்தியார் வேலையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேட்காமல் ஊருக்குக் காட்டுவது மரியாதை இல்லை. அக்காவுக்கு மட்டும் தனியாக அனுப்பு.

கோட்டாறு_அக்கா:

கேட்டேன். பாடியவர் யார் என்று தெரியவில்லை, ஆனால் டிரம்ஸ் வாசித்தவரை அந்த உருட்டலிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் குழுவிலும் சில காலம் வாசித்தவர். பெயர் இங்கே வேண்டாம். இப்போது குளச்சல் பக்கம் இருக்கிறார். போன் போட்டேன். முதலில் நம்பவில்லை, பாட்டைப் போட்டுக் காட்டியதும் ரொம்ப நேரம் பேசினார். மெட்டு முழுக்க இவர்களுடையது, கிட்டார் சங்கதி மட்டும் ‘சவுதிக் கேசட்டிலிருந்து சுட்டது’ என்று அவரே சிரித்தார். பாடியவரும் பேஸ் வாசித்தவரும் இப்போது மஸ்கட்டில், அவர்களிடம் அவரே கேட்டுச் சொன்னார். மூன்று பேருக்கும் சம்மதம். லீட் கிட்டார் வாசித்தவர் இப்போது இல்லை, அவர் மகளும் சரி என்றுவிட்டாள்.

ஒரே ஒரு நிபந்தனை. மூன்றாவது பாட்டில் தாளம் தப்பிவிட்டது, அதை வெட்டிவிட்டுத்தான் ஏற்ற வேண்டுமாம்.

பழையாறு:

வெட்டக் கூடாது! அந்தத் தப்போடு சேர்த்துத்தானே அது அந்த ராத்திரி.

மெட்டல்_மார்த்தாண்டம்:

அண்ணே, ‘மறதியும் சல்லடை’ என்று சொன்னது நீங்கள்தானே?

பழையாறு:

சொன்னேன். பேச்சை மாற்றாதே.

சாமியார்மடம்_சோல்டர்:

வாசித்தவர் வெட்டச் சொன்னால் வெட்டுவதுதான் முறை. ஏற்றுவது இரண்டு பாட்டு. 24 பிட்டில் பதிவு செய்த முழுப் பக்கமும் தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக மூன்று வீட்டில் இருக்கும்: இனயம் தம்பியிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, டிரம்ஸ் அண்ணனிடம் ஒன்று. பழையாறு, உங்களுக்குக் கேட்க ஆசை என்றால் சனிக்கிழமை சாமியார்மடம் வாருங்கள். வரும்போது உங்கள் சிம்லா பீட் தட்டுகளையும் எடுத்து வாருங்கள், அந்த ‘இரண்டு மூன்று பாட்டு’ எவை என்று பார்த்துவிடலாம்.